பரிமாற்றம்

இரண்டு மாதம் நான் அங்கே,
அதே இரண்டு மாதம் அவள் இங்கே
என்றுதான் படிவத்தில் இருந்தது.

உடுமலையிலிருந்து வெளிநாடு போனவள்
வந்திறங்கியது புக்கிட் செலாராவில்.
ஒரு பெட்ரோல் பங்க். ஒரு சீனர் மளிகைக்கடை.
மழை வந்தால் பேச்சை விழுங்கிவிடும்
தகரக்கூரைப் பேருந்து நிறுத்தம்.
அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும்
செம்பனை.
படம் எடுத்து அனுப்பினேன்.
"ஆழியாறு ரோடுதானே, புளுகாதே" என்றது வகுப்பு.

"பசியாறியாச்சா?" என்றார் யோகாஷினியின் அம்மா.
பசியே இல்லைங்க ஆன்ட்டி என்றேன்.
மூன்று காலைகள்
வெறும் மைலோவோடு பள்ளிக்கூடம் போனேன்.
நான்காம் நாள்தான் தெரிந்தது
இங்கே காலைச் சாப்பாட்டுக்கே அதுதான் பெயரென்று.
அதன்பிறகு அவர் கை ஓயவில்லை.
நாசி லெமாக், நெத்திலிச் சம்பல், தோசை,
மறுபடி தோசை.
போதும் என்ற சொல்லுக்கு
அந்த வீட்டில் யாரும் காது கொடுக்கவில்லை.

யோகாஷினி கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுக்
கீழே மெத்தை விரித்துக்கொண்டாள்.
அலமாரியின் உச்சியில் ஊதா நிறத்தில்
புது சூட்கேஸ்,
விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.
"நீ எப்ப எங்க வீட்டுக்குக் கிளம்புற?"
"பாஸ்போர்ட் வந்ததும் லா."
மழை விட்டதும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவள் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார்.
ஒரு சனிக்கிழமை எங்களை உட்காரவைத்து
தோட்டத்துக்குள் கொண்டுபோனார்.
கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி,
வட்ட வாசல்.
ஆந்தை வீடு, என்றார்.
எலி பிடிக்கிறதாம்,
நிர்வாகமே கட்டிக்கொடுத்ததாம்.
எங்கள் தெருவில் ஆந்தை அலறினால்
சித்தி டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.
இங்கே அதற்கு வேலை, வீடு,
வெள்ளைப் பெயின்ட்டில் 47.
"பாத்தியா, இதுக்குக்கூட நம்பர் இருக்கு"
என்று சிரித்தாள் யோகாஷினி.
அவள் அப்பா கியரை மாற்றினார்.
மாற்றவேண்டிய இடமில்லை அது.

அன்றிரவு காட்டினாள்
பிளாஸ்டிக் உறைக்குள் நான்காய் மடித்த
பிறப்புச் சான்றிதழை.
அப்பா பெயர் இருந்தது. அம்மா பெயர் இருந்தது.
பிறந்த நேரம்கூட இருந்தது,
அதிகாலை மூன்று பத்து.
கீழே இரண்டு மலாய்ச் சொற்கள்.
தமிழ்ப் பரீட்சையில் ஒப்பிக்கும் குரலில்
பெயர்த்துச் சொன்னாள்:
"குடிமகள் அல்லள்."
பிழையே இல்லை.

அம்மாவுக்குச் சிவப்பு அட்டை.
தாலி கோயிலில்.
பதிவு அலுவலகத்துக்குப் போகும்போது
இவளுக்கு ஏழு மாதம்.
அந்த ஏழு மாதத்துக்குப்
பதினாறு வருடமாகத் தவணை கட்டுகிறார்கள்:
பஸ், நகல், முத்திரை, வரிசை,
அடுத்த வருடம் வாருங்கள்.
பள்ளியில் முதலில் தேர்வான பெயர்
அவளுடையது.

என் பாஸ்போர்ட்டை நைசாகத்
தலையணைக்குக் கீழே தள்ளினேன்.
"குடு, பாக்குறேன்" என்று கை நீட்டினாள்.
ஒவ்வொரு பக்கமாய்த் திருப்பினாள்,
ஒன்றுமே அச்சடிக்காத பக்கங்களில்
அதிக நேரம் நின்றாள்.
பிறகு, "போட்டோல நீ
கோழி திருடினவ மாதிரியே இருக்க."
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்,
அடுத்த அறையில் இருமல் கேட்கும்வரை.

கிளம்பும் நாளில் நாற்காலி போட்டு ஏறி
சூட்கேஸை இறக்கினாள்.
"இதாச்சும் ஒரு தடவ போய்ட்டு வரட்டும்."
உள்ளே எதையும் வைக்கவிடவில்லை.
ஆன்ட்டி கட்டிக்கொடுத்த முறுக்கைக்கூட
என் பையில்தான் திணித்தேன்.

சென்னையில் சுங்க அதிகாரி
ஜிப்பைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
"காலிப் பெட்டியை எதுக்கும்மா கொண்டுவந்தே?"
அந்த மேசையில் மட்டும்
சொல்லவே கூடாத பதிலைச் சொன்னேன்:
"அது என்னோடது இல்லைங்க சார்."

முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள்.
உள்துணியைக் கத்தியால் கீறிப் பார்த்தார்கள்.
கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தார்கள்.
கிடைத்தது விலைச்சீட்டுதான்.
நூற்றொன்பது ரிங்கிட்.